எண் கட்டச் சுழற்சி வினாக்கள்: நிரலாக்கப் போட்டி வரலாற்றில் ஒரு பகுதி

எண் கட்டச் சுழற்சி வினா என்பது நிரலாக்கப் போட்டிகளில் இடம்பெறும் ஒரு வினா வகையாகும். 2×4, 3×3 போன்ற ஒரு சிறிய கட்டத்தில் எண்கள் நிரப்பப்பட்டிருக்கும். கட்டத்தின் ஒரு பகுதியைச் சுழற்றுதல், வரிசைகளை இடம்மாற்றுதல், ஒரு வரிசையை வட்டமாக நகர்த்துதல் போன்ற சில நகர்வுகள் மட்டுமே அனுமதிக்கப்படும். தொடக்க நிலையிலிருந்து கேட்கப்பட்ட நிலையை அடையும் நகர்வுகளைக் கண்டறியும் நிரலை மாணவர் எழுத வேண்டும்.

இவ்வகை வினாக்களுக்கு நிலையான வடிவம் தந்தவற்றுள் பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடின் இரு வினாக்கள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று, 1994இல் சுவீடனின் ஹானிங்கே நகரில் நடந்த போட்டியில் கேட்கப்பட்ட 'கடிகாரங்கள்'. மற்றொன்று, 1996இல் அங்கேரியின் வெஸ்ப்ரேம் நகரில் நடந்த போட்டியில் கேட்கப்பட்ட 'மாயச் சதுரங்கள்'. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அடிப்படையில் வேறானவை. முதல் வினாவில் நகர்வுகளை எந்த வரிசையில் செய்தாலும் முடிவு ஒன்றே. இரண்டாவதில் வரிசை மாறினால் முடிவும் மாறிவிடும். இந்த ஒரு வேறுபாடே இரு வினாக்களுக்கும் உரிய தீர்வுமுறைகளைப் பிரித்தது.

முன்வரலாறு

எண்கள் எழுதிய கட்டைகளை நகர்த்தும் புதிர்கள் கணினிக்கு முந்தியவை. 4×4 கட்டத்தில் 15 கட்டைகளும் ஒரு வெற்றிடமும் கொண்ட 'பதினைந்துப் புதிர்' 1880ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரும் மோகமாகப் பரவியது. 14, 15 ஆகிய இரு கட்டைகளை மட்டும் இடம்மாற்றுவது இயலாது என்பதை ஜான்சன், ஸ்டோரி ஆகிய இரு கணிதவியலாளர்கள் 1879இல் அமெரிக்கக் கணித ஆய்விதழில் விளக்கினர். கட்டைகளின் வரிசைமாற்றம் ஒற்றையா இரட்டையா என்ற கேள்வியே அவர்கள் விளக்கத்தின் அடிப்படை. எவ்வளவு முயன்றாலும் சில நிலைகளை எட்டவே முடியாது என்ற கருத்து இவ்வாறு பொதுமக்களின் புதிர் ஒன்றின் வழியாகப் பரவலானது.

அடுத்த பெரிய அலை அங்கேரியிலிருந்து வந்தது. புடாபெஸ்ட்டைச் சேர்ந்த எர்னோ ரூபிக் 1974இல் உருவாக்கிய கனசதுரம் 1980 முதல் உலகச் சந்தையில் விற்பனைக்கு வந்தது. அதன் நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000. அக்காலக் கணினி எதுவும் இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து முடிக்க இயலாது. ஆயினும் சுழற்சி, நிலை, மிகக் குறுகிய வழி ஆகிய சொற்கள் மாணவர்களிடையே புழங்கத் தொடங்கின.

பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடு 1989இல் பல்கேரியாவின் பிராவெட்ஸ் நகரில் தொடங்கியது. பள்ளி மாணவர்கள் சில மணி நேரத்தில் தனியாக எழுதி முடிக்கக்கூடிய வினாக்கள் அதற்குத் தேவைப்பட்டன. முழுக் கனசதுரம் அதற்குப் பெரிது. அதன் சிறிய, தட்டையான உறவினர்களே பொருத்தமாயின.

கடிகாரங்கள், 1994

இவ்வினாவில் 3×3 கட்டத்தில் ஒன்பது கடிகாரங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் முள்ளும் 12, 3, 6, 9 ஆகிய நான்கு எண்களுள் ஒன்றைக் காட்டும். ஒன்பது வகை நகர்வுகள் உண்டு. நான்கு நகர்வுகள் மூலைகளில் உள்ள 2×2 பகுதியைத் திருப்பும். நான்கு நகர்வுகள் ஓரத்து வரிசை ஒன்றில் உள்ள மூன்று கடிகாரங்களைத் திருப்பும். எஞ்சிய ஒன்று, நடுக்கடிகாரத்தையும் அதன் மேல், கீழ், இட, வலப் பக்கக் கடிகாரங்களையும் சேர்த்துக் கூட்டல் குறி வடிவில் திருப்பும். ஒரு நகர்வு தன் எல்லைக்குள் உள்ள கடிகாரங்கள் அனைத்தையும் 90 பாகை வலஞ்சுழியாகத் திருப்புகிறது. எல்லா முட்களையும் 12க்குக் கொண்டுவரும் மிகக் குறுகிய நகர்வுத் தொடர் கேட்கப்பட்டது.

எடுத்துக்காட்டாகப் பின்வரும் நிலையைக் கொள்ளலாம்:

9 9 12
6 6 6
6 3 6

இடப்பக்க நெடுவரிசை, நடுக் கூட்டல் குறி, கீழ்க் கிடைவரிசை, கீழ் வலமூலை ஆகிய நான்கு நகர்வுகளையும் ஒவ்வொரு முறை செய்தால் எல்லா முட்களும் 12க்கு வந்துவிடும். 3ஐக் காட்டும் கடிகாரம் இந்நான்கில் மூன்று நகர்வுகளுக்கு உட்படுகிறது; ஆகவே மூன்று முறை திரும்பி 12ஐ அடைகிறது.

கடிகாரங்கள் இடம் மாறுவதில்லை, அவை காட்டும் மதிப்பு மட்டுமே மாறுகிறது. எனவே எந்த நகர்வை முன்னர்ச் செய்வது என்பது பொருட்டல்ல. ஒவ்வொரு நகர்வையும் எத்தனை முறை செய்வது என்பதே பொருட்டு. நான்கு முறை திருப்பினால் பழைய நிலையே வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு நகர்வுக்கும் 0, 1, 2, 3 என நான்கு வாய்ப்புகளே உள்ளன. ஒன்பது நகர்வுகளுக்கு மொத்தம் 4இன் 9ஆம் அடுக்கு, அதாவது 2,62,144 வாய்ப்புகள். ஒன்றுக்குள் ஒன்றாக ஒன்பது மடக்குகளை எழுதி எல்லாவற்றையும் சோதித்துவிடலாம்.

இதைவிடச் சிக்கனமான வழியும் உண்டு. மேல் இடமூலை, மேல் வரிசை, மேல் வலமூலை ஆகிய மூன்று நகர்வுகளின் எண்ணிக்கையை மட்டும் ஊகித்துக்கொண்டால் போதும். மேல் வரிசைக் கடிகாரங்கள் மூன்றும் அடுத்த மூன்று நகர்வுகளின் எண்ணிக்கையை நிர்ணயித்துவிடும். பின்னர் எஞ்சிய மூன்று நகர்வுகளும் அதேபோல் ஒவ்வொன்றாக உறுதிப்படும். இவ்வழியில் 4×4×4, அதாவது 64 ஊகங்களே தேவை. பென்சிலும் தாளும் கொண்டே செய்யக்கூடிய அளவு இது.

இவ்வினாவில் ஒரு நுட்பம் மறைந்திருந்தது. நகர்வுகளுக்கும் கடிகாரங்களுக்கும் உள்ள தொடர்பை ஒன்பது சமன்பாடுகளாக எழுதினால், நான்கால் வகுத்த மீதிகளின் கணக்கில் அவற்றுக்கு ஒரே ஒரு தீர்வுதான் உண்டு. ஆகவே 'மிகக் குறுகிய தொடர்' என்று கேட்கப்பட்டாலும், பலவற்றுள் சிறியதைத் தேர்ந்தெடுக்கும் வேலை அங்கே இல்லை. இருப்பது ஒரு விடையே. அதைவிட நீளமான எந்தத் தொடரும் பயனற்ற முழுச் சுற்றுகளைச் சேர்த்துக்கொண்டதாகவே இருக்கும். இதைக் கண்ட மாணவருக்குத் தேடலே தேவையில்லை. ஒவ்வொரு கடிகாரத்தையும் தனியாகத் திருப்பும் நகர்வுக் கூட்டத்தை முன்பே கணக்கிட்டு, அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம்.

மாயச் சதுரங்கள், 1996

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ரூபிக்கின் சொந்த நாட்டில் நடந்த போட்டியில், அவருடைய கனசதுரத்தின் தட்டையான வடிவம் என்ற முன்னுரையுடன் இவ்வினா அமைந்தது. 2×4 கட்டத்தில் எட்டு நிறங்கள் 1 முதல் 8 வரையான எண்களால் குறிக்கப்பட்டன. மேல் இடமூலையிலிருந்து வலஞ்சுழியாக எண்களைப் படிப்பது மரபாகக் கொள்ளப்பட்டது. தொடக்க நிலை:

1 2 3 4
8 7 6 5

அனுமதிக்கப்பட்ட நகர்வுகள் மூன்று. நகர்வு ஏ, மேல் வரிசையையும் கீழ் வரிசையையும் இடம்மாற்றும்:

8 7 6 5
1 2 3 4

நகர்வு பி, இரு வரிசைகளையும் வலப்பக்கம் ஓரிடம் வட்டமாக நகர்த்தும்:

4 1 2 3
5 8 7 6

நகர்வு சி, நடுவில் உள்ள நான்கு சதுரங்களை வலஞ்சுழியாகச் சுழற்றும்:

1 7 2 4
8 6 3 5

இங்கே மதிப்புகள் மாறுவதில்லை, இடங்களே மாறுகின்றன. பி செய்து பின் சி செய்வதும், சி செய்து பின் பி செய்வதும் வெவ்வேறு நிலைகளைத் தரும். கடிகார வினாவில் உதவிய 'எத்தனை முறை' என்ற எண்ணிக்கை இங்கே உதவாது. ஆனால் எட்டு எண்களை அடுக்கும் வழிகள் 8 தொடர்பெருக்கம், அதாவது 40,320 மட்டுமே.

1996இன் மூல வினா மிகக் குறுகிய தொடரைக் கேட்கவில்லை. இலக்கை அடையும் ஏதேனும் ஒரு தொடர் போதும். அதன் நீளம் 300ஐத் தாண்டாவிட்டால் கூடுதலாக இரு புள்ளிகள். இந்த வரம்பு இரு பாதைகளைத் திறந்து வைத்தது. ஒரு பாதை, கனசதுரத்தைக் கையால் தீர்ப்பவர்கள் செல்வது: சில எண்களை மட்டும் இடம்மாற்றி மற்றவற்றை அப்படியே விடும் நகர்வுத் தொடர்களைக் கண்டறிந்து, எண்களை ஒவ்வொன்றாக இடத்தில் சேர்த்தல். இவ்வழியில் விடை கிடைக்கும், ஆனால் நீளும். மற்றொரு பாதை, 40,320 நிலைகளையும் முறையாக ஆராய்தல். பின்னாளில் நிலைத்தது இரண்டாவது பாதையே.

சுழற்சியை நிரலில் எழுதுதல்

சதுரக் கட்டம் ஒன்றை 90 பாகை வலஞ்சுழியாகத் திருப்பினால், மேலிருந்து எண்ணும் கிடைவரிசை எண் வலப்பக்கத்திலிருந்து எண்ணும் நெடுவரிசை எண்ணாக மாறும். நெடுவரிசை எண் கிடைவரிசை எண்ணாக மாறும். இது எளிய விதிதான். ஆயினும் போட்டிகளில் இரு பிழைகள் வழக்கமாக நேரும்.

முதலாவது, பழைய மதிப்பைப் பாதுகாக்காமல் புதிய மதிப்பை மேலெழுதுவது. நான்கு சதுரங்களைச் சுற்றி நகர்த்தும்போது ஒன்றையாவது தற்காலிக இடத்தில் வைக்காவிட்டால், ஓர் எண் இருமுறை தோன்றும், மற்றொன்று மறைந்துவிடும். இது உடனே கண்ணில் படும் பிழை. இரண்டாவது நுட்பமானது: 'இந்த இடத்துக்கு எங்கிருந்து வருகிறது' என்ற அட்டவணையை 'இந்த இடத்திலிருந்து எங்கே போகிறது' என்று பயன்படுத்திவிடுவது. அப்போது சுழற்சி எதிர்த்திசையில் நிகழும். எண்கள் எட்டும் சரியாக இருக்கும், நிரலும் நிற்காமல் ஓடும். விடை மட்டும் தவறாகும். நகர்வு ஏ இருமுறை செய்தால் பழைய நிலைக்கே திரும்புவது. ஆகவே இந்தப் பிழை அதில் வெளிப்படாது. பி, சி இரண்டும் நான்கு முறைக்கு ஒருமுறை திரும்புபவை. பிழை வெளிப்படுவது அவற்றில்தான்.

ஆகவே நகர்வுகளை வடிவியலாகக் கணக்கிடாமல், வலஞ்சுழி வாசிப்பில் இட அட்டவணைகளாக எழுதிவிடுவது வழக்கமாயிற்று. ஏ என்பது 8 7 6 5 4 3 2 1. பி என்பது 4 1 2 3 6 7 8 5. சி என்பது 1 7 2 4 5 3 6 8. ஒவ்வோர் எண்ணும், புதிய நிலையின் அவ்விடத்துக்கு வருவது பழைய நிலையின் எத்தனையாவது இடத்து எண் என்பதைக் குறிக்கிறது. சுழற்சி என்ற வடிவியல் செயல் இவ்வாறு எட்டு எண்களைக் கொண்ட ஒரு பட்டியலாகச் சுருங்கியது.

வரிசைமாற்றத்துக்கு ஓர் எண்

ஒரு நிலையை ஏற்கெனவே பார்த்தோமா என்பதை விரைவாக அறிய, ஒவ்வொரு நிலைக்கும் 0 முதல் 40,319 வரை ஓர் எண் தரப்படுகிறது. ஒவ்வோர் இடத்திலும் உள்ள எண்ணுக்கு வலப்பக்கத்தில் அதைவிடச் சிறிய எண்கள் எத்தனை உள்ளன என்று எண்ணி, அவற்றை முறையே 5040, 720, 120, 24, 6, 2, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் அவ்வெண் கிடைக்கும். 2 6 8 4 5 7 3 1 என்ற நிலைக்கு அவ்வெண்ணிக்கைகள் 1, 4, 5, 2, 2, 2, 1, 0. கூட்டுத்தொகை 8585. இவ்வெண்ணிலிருந்து நிலையையும் திரும்பப் பெறலாம்.

தொடர்பெருக்கங்களை இடமதிப்பாகக் கொண்ட இவ்வெண்முறையை 1888இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெசான் எழுதினார். கணினிக்கேற்ற வடிவில் 1960இல் அமெரிக்கக் கணிதவியலாளர் டெரிக் ஹென்றி லேமர் எழுதியதால் இது 'லேமர் குறியீடு' எனப்படுகிறது. ஆனால் இக்கருத்து இந்திய இசை நூல்களில் மிக முன்பே உள்ளது. 13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அவையில் இருந்த சார்ங்கதேவர், தம் 'சங்கீத ரத்னாகரம்' நூலில் ஏழு சுரங்களின் 5040 அடுக்குகளைப் பட்டியலிடும் முறையைத் தருகிறார். ஓர் அடுக்கு பட்டியலில் எத்தனையாவது என்று காண்பது 'உத்திஷ்டம்'. எத்தனையாவது என்பது தெரிந்தால் அடுக்கைக் காண்பது 'நஷ்டம்'. இரண்டுக்கும் அவர் பயன்படுத்திய 'கண்டமேரு' அட்டவணையில் இருப்பவை தொடர்பெருக்கங்களும் அவற்றின் மடங்குகளுமே. அவருடைய பட்டியல் வரிசை இன்றைய அகராதி வரிசையிலிருந்து வேறுபட்டது. கணக்கின் அடிப்படை ஒன்றே.

64 கிலோபைட்டும் 40,320 நிலைகளும்

1990களின் நடுவில் மாணவர்களிடையே பரவலாக இருந்த டர்போ பாஸ்கல் மொழியில், ஒரு தனி அணியின் அளவு 65,520 பைட்டுகளைத் தாண்டக் கூடாது. டாஸ் இயங்குதளத்தில் நிரலுக்குக் கிடைத்த மொத்த வழக்கமான நினைவகமே 640 கிலோபைட்டு. எட்டு எண்களையும் எட்டடிமான இலக்கங்களாகக் கொண்டு நேரடியாகச் சுட்டினால் 1,67,77,216 இடங்கள் வேண்டும். அது இயலாது. லேமர் குறியீட்டைக் கொண்டால் நிலைக்கு ஒரு பைட்டு வீதம் 40,320 பைட்டுகள் போதும். ஓர் அணிக்குள் அடங்கிவிடும்.

அப்போதும் கண்ணிகள் இருந்தன. டர்போ பாஸ்கலின் சாதாரண முழுஎண் 32,767 வரையே செல்லும். 40,319ஐக் கொள்ள 65,535 வரை செல்லும் குறியற்ற வகை வேண்டும். காத்திருக்கும் நிலைகளின் வரிசையில் ஒவ்வொன்றுக்கும் இரு பைட்டு வீதம் 80,640 பைட்டுகள் ஆகும். இது ஓர் அணிக்குள் அடங்காது. அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது முடிந்த இடங்களையே மீண்டும் பயன்படுத்தும் வட்ட வரிசையாக்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் அதன் முந்தைய நிலையைச் சேமிப்பதற்குப் பதிலாக, கடைசியாகச் செய்த நகர்வை மட்டும் ஒரே பைட்டில் எழுதி வைக்கலாம். நகர்வுகள் அனைத்தும் எதிர்த்திசையில் செய்யக்கூடியவை என்பதால், இலக்கிலிருந்து பின்னோக்கி நடந்து முழுத் தொடரையும் மீட்டுவிடலாம். பார்த்த நிலையா என்பதற்கான குறிப்பும் வழிக்கான குறிப்பும் ஒரே அணியில் அமைந்துவிடுகின்றன.

அகலமுதல் தேடல்

தொடக்கத்திலிருந்து ஒரு நகர்வில் எட்டும் நிலைகள், பின் இரண்டில் எட்டுபவை, பின் மூன்றில் எட்டுபவை என அலை அலையாகப் பரவுவது அகலமுதல் தேடல் ஆகும். ஒரு நிலை முதன்முதலில் எப்போது தோன்றுகிறதோ, அதுவே அதற்குரிய மிகக் குறைந்த நகர்வு எண்ணிக்கை. ஜெர்மானியப் பொறியாளர் கொன்ராட் சூசே 1945இலேயே இம்முறையை எழுதினார். அவ்வெழுத்து 1972 வரை வெளியாகவில்லை. எட்வர்ட் மூர் 1959இல் புதிர்வழியில் குறுகிய பாதை காண்பதற்கும், லீ 1961இல் மின்சுற்றுப் பலகையில் கம்பிப் பாதை காண்பதற்கும் இதை வெளியிட்டனர்.

இம்முறை எளிதாகக் கையிலிருந்ததால், அமெரிக்கக் கணினி ஒலிம்பியாடின் பயிற்சித் தொகுப்பு மாயச் சதுரங்களைச் சேர்த்துக்கொண்டபோது 300 நகர்வு வரம்பை நீக்கியது. மிகக் குறுகிய தொடரே வேண்டும் என்றும், அவை பல இருந்தால் அகர வரிசையில் முதலில் வருவது வேண்டும் என்றும் கேட்டது. ஒவ்வொரு நிலையிலும் ஏ, பி, சி என்ற வரிசையிலேயே நகர்வுகளை முயன்றால் இரண்டாவது கட்டுப்பாடு தானாகவே நிறைவேறும். முன்னர்க் கண்ட 2 6 8 4 5 7 3 1 என்ற இலக்கே அதன் மாதிரித் தரவு; விடை ஏழு நகர்வுகள்: பி, சி, ஏ, பி, சி, சி, பி. கையால் எட்டு எண்களை எழுதிச் சரிபார்ப்பவருக்கு, நகர்வு அட்டவணையின் திசைப் பிழையை இந்த ஒரே மாதிரி காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லா நிலைகளும் எட்டுமா

பதினைந்துப் புதிரில் பாதி நிலைகள் எட்டாதவை. மாயச் சதுரங்களில் அவ்வாறில்லை. ஏ, பி இரண்டும் இரட்டை வரிசைமாற்றங்கள். சி மட்டும் ஒற்றை. சி இல்லாமல் முதல் இரண்டை மட்டும் கொண்டால் எட்டே நிலைகள்தான் கிடைக்கும். சி சேர்ந்தவுடன் 40,320 நிலைகளும் எட்டக்கூடியவை ஆகின்றன. குலக் கோட்பாட்டின் வழி இதை நிறுவலாம். தேடல் முடிந்தபின் நிரப்பப்பட்ட இடங்களை எண்ணியும் அறியலாம். அணியில் ஓர் இடம் காலியாக இருந்தாலும் நகர்வு அட்டவணையில் பிழை இருக்கிறது என்று பொருள்.

சிறிய கட்டத்தின் எல்லை

எல்லா நிலைகளையும் ஆராயும் முறை கட்டம் சிறியதாக இருக்கும்வரையே செல்லும். 3×3 கட்டத்தில் ஒன்பது எண்களுக்கு 3,62,880 அடுக்குகள். 2×2×2 சிறு கனசதுரத்துக்கு 36,74,160 நிலைகள். இதுவும் இன்றைய கணினிக்கு எளிது. ஆனால் பதினைந்துப் புதிரில் எட்டக்கூடிய நிலைகள் 10,461,394,944,000. இங்கே ஒவ்வொரு நிலைக்கும் ஓர் இடம் என்ற கணக்கு உடைந்துவிடுகிறது. ரிச்சர்ட் கார்ஃப் 1985இல் வெளியிட்ட முறை, நிலைகளைச் சேமிக்காமல், இலக்கு இன்னும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்ற குறைந்தபட்ச மதிப்பீட்டைக் கொண்டு பதினைந்துப் புதிரைத் தீர்த்தது. 1997இல் அவரே ரூபிக் கனசதுரத்துக்கு, சிறிய பகுதிகளின் முழு அட்டவணைகளைக் கொண்டு, மிகக் குறுகிய தீர்வுகளைக் கண்டார். எந்த நிலையையும் 20 நகர்வுகளுக்குள் தீர்க்கலாம் என்பது 2010இல் உறுதியானது. அதற்கு ஏறத்தாழ 35 ஆண்டு அளவிலான ஒரு கணினியின் உழைப்பு, பல கணினிகளில் பகிர்ந்து செலவிடப்பட்டது.

அந்தச் சிறு பகுதி அட்டவணைகளும் தயாராவது அகலமுதல் தேடலாலேயே. அவற்றின் இடங்களைச் சுட்டுவதற்கும் வரிசைமாற்றத்துக்கு எண் தரும் முறையே உதவுகிறது. இன்று நினைவகம் தாராளமாகக் கிடைப்பதால், நிலைகளை எழுத்துச் சரங்களாகவே சேமித்து மாயச் சதுரங்களைத் தீர்த்துவிடலாம். லேமர் குறியீடு கட்டாயமில்லை. ஆயினும் வினாவைப் படித்தவுடன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள் மாறவில்லை: நகர்வுகளின் வரிசை பொருட்டா? மொத்த நிலைகள் எத்தனை? அவை அனைத்தும் எட்டக்கூடியவையா? 1994இன் வினாவையும் 1996இன் வினாவையும் அடுத்தடுத்துச் செய்து பார்க்கும் மாணவர் முதல் கேள்வியின் இரு விடைகளையும் கண்டுவிடுகிறார்.